பெரட்டில் இல்லாத பெயர்

மலரின் காரில் பின்பக்கத்தைத் திறந்தால் நான்கு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு கயிற்றுச் சுருள், பிளாஸ்டிக் உறையில் போட்ட படிவக் கட்டு, அரை மூட்டை அரிசி. என் பெட்டியை வைக்க இடமில்லை. "மடியில வச்சுக்கிட்டு வாங்கண்ணே. சின்ன பெட்டிதானே" என்றார். அப்படித்தான் மலேசியாவின் ஜொகூரில் என் முதல் பயணம் தொடங்கியது.

எனக்கு அங்கே இருந்தது ஒரு நாள் வேலை. என் மைத்துனன் சேகர் தெப்ராவில் வீடு வாங்கியிருந்தான். என் மனைவிக்கு முழங்கால் வலி. அவளால் வர முடியவில்லை. தம்பியின் புதுமனை புகுவிழாவுக்குச் சீர் கொடுக்க நான் மட்டும் கடலூரிலிருந்து வந்தேன். மலர், சேகரின் மனைவிக்கு அக்கா. முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருடம் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போய் வந்தவர். சூப்பர்வைசர் ஆன அடுத்த வருடமே அந்த வேலையை விட்டுவிட்டுச் சமூகப் பணி படிக்கச் சேர்ந்திருக்கிறார்.

விழாப் பந்தியில் இதுதான் பேச்சு. வாழையிலையில் சாதம், புடலங்காய்க் கூட்டு, நம் ஊர்ச் சாம்பாரைவிடச் சற்று இனிப்பான சாம்பார், பொரித்த அப்பளத்துக்குப் பக்கத்தில் அன்னாசிப் பச்சடி. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த பருத்த பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சிங்கப்பூர் சம்பளத்த வுட்டுட்டு வந்து, வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே எல்லாரையும் தூக்கிட்டுப் போகப் போவுதாம் இந்தப் பொண்ணு."

மலர் அவர் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஒங்களத் தூக்க நாலு பேரு வேணும் மாமா. இப்பவே லிஸ்ட்ல தனியா எழுதிட்டேன் லா."

பந்தியே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். ஆனால் சேகரின் மனைவி எனக்கு மோர் கொண்டு வந்தபோது தாழ்ந்த குரலில் விவரம் சொன்னாள். மலரின் களப்பயிற்சி அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. லாபிஸுக்குப் பக்கத்தில், ஆண்டுக் கடைசி மழையில் ஆற்று நீர் ஏறும் ஒரு குடியிருப்பில் அன்று வெள்ள ஒத்திகை. அதை வைத்துத்தான் மதிப்பெண். தேறினால் மாவட்டத்தில் சமூகப் பணியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தேறாவிட்டால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும்; அதற்கு வீட்டில் வசதியில்லை. பழைய தொழிற்சாலையிலிருந்து திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்; மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "இது போச்சுன்னா நான் திரும்ப பைக்க எடுத்துருவேன்னு அக்காவே சொல்லிருச்சி" என்றாள்.

நான் நாற்பது வருடம் பத்திரிகையில் இருந்தவன். கடலூர் வெள்ளங்களை எழுதியே எனக்கு நரை வந்தது. நானும் வரலாமா என்று மலரிடம் கேட்டேன். "பூட்ஸ் சைஸ் என்னண்ணே?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். செடெனாக்கைத் தாண்டியதும் காரின் சூட்டுமுள் மேலே ஏறியது. பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு மலாய்ப் பெண்ணின் தகரக் கூரைக் கடை. அதன் முன்னால் நிறுத்தினோம். எஞ்சின் ஆறும்வரை நாசி லெமாக் சாப்பிடலாம் என்றார் மலர். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. நம் வீடுகளில் தேங்காய்ப்பால் சேர்ந்தால் பெரும்பாலும் வெல்லமும் சேரும். இங்கே நெத்திலிப் பொரியலும், கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்ச் சம்பலும் சேர்கின்றன. முதல் வாயில் சந்தேகமாக இருந்தது. இரண்டாவது பொட்டலத்தை நானே கேட்டு வாங்கினேன்.

செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்தது. இறங்கிய ஓட்டுநர் தமிழர், கழுத்தில் துண்டு. காரைச் சுற்றி வந்தார்.

"அலமாக்! இந்தக் காடி இன்னும் ரோட்ல ஓடுதா?"

"ஓடிச்சு. இப்ப ஒக்காந்திருச்சி" என்றார் மலர்.

தண்ணீர்க் குழாயில் வெடிப்பு. பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிச் சுற்றிக் கட்டினார். கட்டிக்கொண்டே மலர் என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரித்தார். மலர் சொன்னார்.

"அதுக்குச் சம்பளம் உண்டா?"

"கெடச்சா உண்டு. கம்மி."

"அப்ப இந்தக் காடிதான் ஒனக்கு" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். எங்கள் ஊர்ச் சாலையில் இதே கார் நின்றிருந்தால் பத்துப் பேர் கூடியிருப்பார்கள், பத்து யோசனை கிடைத்திருக்கும், கார் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். இவர் மொத்தம் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். பெயரைக்கூடச் சொல்லவில்லை.

மலர் பயிற்சி செய்யும் குடியிருப்பு நான்கு சந்துகள் கொண்டது. ஒரு பக்கம் ரயில் பாதையின் மேட்டுக்கரை, மறு பக்கம் ஆறு. நடுவில் தட்டில் வைத்ததுபோல் வீடுகள். உள்ளே போனதும் முதலில் என் கண்ணில் பட்டவை பிளக் பாயிண்டுகள். எல்லா வீட்டிலும் தோள் உயரத்தில் இருந்தன. குளிர்சாதனப் பெட்டிகள் செங்கல் மேடையில் நின்றன. துணி அலமாரியின் கீழ்த்தட்டு எல்லா வீட்டிலும் காலி. யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். தோட்டம் கைமாறி, லயங்கள் என்னும் வரிசை வீடுகளை இடித்ததும் இங்கே குடியேற்றப்பட்டவர்கள். இப்போது சிலர் தொழிற்சாலையில், சிலர் கடைகளில், சிலர் சிங்கப்பூரில். மலர் வீடு வீடாகப் போனார். நான் பின்னால் போனேன்.

வெள்ளச் செய்தி எழுதப் போகும்போது நான் கேட்ட முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை பேர்? மலர் எண்ணிக்கையைக் கடைசியில்தான் கேட்டார். அவருடைய கேள்விகள் வேறு. வீட்டை விட்டுக் கடைசியாகக் கிளம்புவது யார்? சர்க்கரை நோய் ஊசி மருந்து எங்கே இருக்கிறது? இரண்டு பிள்ளைகளில் யாரை யார் தூக்குவது என்று பேசி வைத்திருக்கிறீர்களா? லாரியில் ஏற முடியாதவர் யார்?

கடைசிக் கேள்விக்கு ஒரு அம்மாள் சொன்ன பதில்: "ஏற முடியாதவங்க யாரும் இல்ல. ஏற மாட்டேங்குறவரு ஒருத்தரு இருக்காரு. அந்தா, சேவலக் கட்டிப்புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு பாரு."

"சேவலையும் எழுதிக்கிறேன் அத்தை" என்றார் மலர். உண்மையாகவே எழுதினார். 'சேவல், கூண்டு வேண்டும்.' அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு, "அப்பன்னா நான் வரேன்" என்றார்.

மதியச் சாப்பாடு அஞ்சலை அக்கா வீட்டில். கருவாட்டுச் சம்பல், கத்தரிக்காய்க் குழம்பு. அஞ்சலை அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தோட்டத்தில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர், இப்போது தொழிற்சாலைக் கேண்டீனில் சமைக்கிறார். ஊரில் ஒரு காரியம் நடக்க வேண்டுமானால் அவரிடம் சொன்னால் போதும். ஒத்திகை எப்படி நடக்கப்போகிறது என்பதை எனக்கு அவர்தான் விளக்கினார்.

முதலில் மலர் அரசுப் படிவத்தில் இருப்பதுபோல் சந்து வாரியாக மக்களைப் பிரித்திருக்கிறார். சந்துக்கு ஒரு தலைவர். சோதித்துப் பார்த்தபோது ஒருவரும் தன் வரிசையில் நிற்கவில்லை. ஆளாளுக்குத் தன் சொந்தக்காரர்களையும் பழைய கூட்டாளிகளையும் தேடிப் போய்விட்டார்கள்.

"நான்தான் சொன்னேன், மலரு, பெரட்டு போடுன்னு" என்றார் அஞ்சலை அக்கா.

தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். ஒவ்வொரு கங்காணத்துக்கும், அதாவது வேலைக் குழுவுக்கும், ஒரு வரிசை, அதை மேய்க்க ஒரு மண்டோர். தோட்டம் போய்ப் பல வருடமாகியும் யார் எந்த வரிசை என்பது இவர்களுக்கு மறக்கவில்லை. அங்கே வேலையே செய்யாத பிள்ளைகள்கூட அப்பா நின்ற வரிசையைச் சொல்கிறார்கள். மலர் சந்துகளைக் கலைத்துவிட்டு, பழைய வரிசைகளின்படி நான்கு குழுக்களாகப் பட்டியலை மாற்றி எழுதினார்; குழுவுக்கு ஒரு மண்டோர், அதில் ஒருவர் அஞ்சலை அக்கா. அடுத்த சோதனையில் எல்லோரும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்களாம். அவரை மதிப்பிடும் அதிகாரி புவான் ரோஸ்னாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. 'புவான்' என்பது மலாயில் 'திருமதி' போல. எனக்கும் பிடித்தது. நன்றாகச் செய்திருக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் தமிழிலும் சூராவ் என்னும் சிறு தொழுகைக்கூடத்தின் ஒலிபெருக்கியில் மலாயிலும் அறிவிப்பு வந்தது. சந்துகளிலிருந்து மக்கள் கிளம்பி, மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார்கள். கையில் அடையாள அட்டைப் பை, தோளில் குழந்தை. சேவல்காரர் கூண்டோடு வந்தார். காலி செய்த வீட்டின் கேட்டில் ஒரு துணி கட்ட வேண்டும் என்பது மலர் வைத்திருந்த ஏற்பாடு. துணி இருந்தால் மீட்க வருபவர்கள் அந்த வீட்டில் நேரம் செலவழிக்க மாட்டார்கள்.

பள்ளித் திடலில் நான்கு வரிசை. பெயர்கள் கூப்பிடப்பட்டன. "இருக்கேன்", "வந்துட்டேன்", "இங்கதான் இருக்கேன், கத்தாத" என்று பதில்கள். புவான் ரோஸ்னா ஐம்பது வயதை நெருங்கும், சிரிப்பை எளிதில் செலவழிக்காத பெண்மணி. கையில் நேரம் பார்க்கும் கருவி. கடைசிப் பெயரும் முடிந்ததும் அதை நிறுத்திப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. பேனாவின் மூடியைத் திறந்தார்.

நான் அதற்குள் படம் எடுக்கச் சந்துகளுக்குள் ஒரு சுற்றுப் போய் வந்திருந்தேன். ஆளில்லாத தெரு, எல்லா கேட்டிலும் துணி. நல்ல படம். திரும்பி வந்து மலரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்: "மூணாவது சந்து மூலை வீட்டுல செருப்ப விட்டுட்டு வெறுங்காலோட போயிட்டாங்க போல."

"என்ன செருப்புண்ணே?"

"கறுப்புத் தோல் செருப்பு. பாலிஷ் போட்டது."

மலரின் முகம் மாறியது. அவர் ஓட ஆரம்பித்தார். நானும் அஞ்சலை அக்காவும் பின்னால் போனோம்.

மூலை வீட்டுக் கேட்டில் நீலத் துணி கட்டியிருந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது, மலர் தள்ளித் திறந்தார். உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர், தேய்த்த வெள்ளைச் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, மடியில் கோப்புப் பையோடு உட்கார்ந்திருந்தார். காதில் கேட்புக் கருவி. எண்பதைத் தாண்டியவர். எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"ஏழு மணிக்கே வெளிக்கிட்டு ஆயத்தமா இருக்கிறன் பிள்ளை" என்றார். "என்ரை பேரைக் கூப்பிடுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். எல்லாரும் போயிட்டினமோ?"

மலர் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் பெயர் ராஜரத்தினம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக, இங்கே சொல்வதுபோல் கிராணியாக இருந்தவர். குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். மலர் அவர் வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறார், படிவம் நிரப்பியிருக்கிறார். சந்துப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பெரட்டு வரிசைக்கு மாற்றி எழுதியபோது காணாமல் போயிற்று. ஏனென்றால் அவர் எந்த வரிசையிலும் நின்றதில்லை. முப்பது வருடம் எதிரே நின்று பெயர் கூப்பிட்டவர் அவர். எந்த மண்டோரைக் கேட்டாலும் அவர் வேறொருவர் பட்டியலில் இருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். அல்லது நினைத்தே இருக்க மாட்டார்கள். துணி கட்டும் பொறுப்பில் இருந்த அடுத்த வீட்டுப் பெண்ணோ, "வரிசையா கட்டிக்கிட்டே வந்தேன். சத்தம் இல்ல, கெளம்பிட்டாருன்னு நெனச்சேன்" என்றாள்.

உண்மையான வெள்ளமாக இருந்தால் அந்த நீலத் துணியைப் பார்த்துவிட்டுப் படகு போயிருக்கும்.

அஞ்சலை அக்கா மலரின் கையைப் பிடித்தார். "சரி, ஆள் கெடச்சிட்டாருல்ல. மெதுவா கூட்டிட்டுப் போயி பின்னாடி நிக்க வச்சிருவோம். அந்த மேடத்துக்கு என்ன தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லக்கா" என்றார் மலர்.

திடலுக்குத் திரும்பி நேராகப் புவான் ரோஸ்னாவிடம் போனார். மலாயில் பேசினார்; அஞ்சலை அக்கா எனக்கு அவ்வப்போது தமிழில் சொன்னார். "கையெழுத்துப் போடாதீர்கள். ஒருவரை விட்டுவிட்டோம். வீடு காலி என்று குறியும் வைத்துவிட்டோம்."

"பட்டியல் யார் எழுதியது?"

"நான்."

புவான் ரோஸ்னா பேனாவை மூடினார். விதிப்படி அதே நாளில் ஒரே ஒரு முறை திரும்பச் செய்யலாம் என்றார். "இரண்டரை மணி. மழை வந்தாலும் சரி."

அதற்குள் ராஜரத்தினம் ஐயாவைப் பட்டியலில் எங்கே சேர்ப்பது என்று பள்ளி வராந்தாவில் பேச்சு எழுந்தது. ஒருவர் சொன்னார்: "எதுக்கு யோசன? புக்க அவரு கையிலயே குடுத்துருங்க. பழைய மாதிரி கிராணி ஐயாவே பேரு கூப்புடட்டும். அழகா இருக்கும்." சில ஆண்கள் தலையாட்டினார்கள். எனக்கும் அது நல்ல முடிவாகத் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"இருக்காது" என்றார் அஞ்சலை அக்கா. "இந்த வயசுல திரும்பவும் கிராணிக்கு முன்னாடி நிக்கவா நான்? எங்கம்மா காச்சலோட வந்து அஞ்சு நிமிஷம் லேட்டாச்சு, அரை நாள் கூலிதான் போட்டாங்க. அந்தப் புக்குலதான்."

கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்த பெரியவர் கேட்புக் கருவியைச் சரிசெய்தார்.

"ஓம். நான்தான் போட்டனான்" என்றார். "அவ சொல்லுறது சரி. புத்தகம் எனக்கு வேண்டாம்."

அஞ்சலை அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போய்விட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்துப் பேசியபோது குரல் வேலைக்காரியின் குரல் அல்ல, மண்டோரின் குரல்.

"என் வரிசையில நில்லுங்க. கடைசியில. கூப்ட்டா சத்தமா சொல்லணும். காது கேக்கலன்னு சொல்லக் கூடாது."

மலர் இதில் குறுக்கிடவே இல்லை. ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு பெயரை எழுதினார்.

எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி, இரண்டரை மணிக்கு மறுபடி தொடங்கியபோது மழை வந்தது. இந்த முறை எல்லாம் மெதுவாக நடந்தது. துணி கட்டும் பெண் ஒவ்வொரு கதவையும் தட்டி, உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கட்டினாள். இரண்டு பேர் ராஜரத்தினம் ஐயாவின் கைகளைப் பிடித்து மேட்டுப் படிகளில் ஏற்றினார்கள். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். வரிசைகள் நனைந்தபடி காத்திருந்தன, சேவல் கூவியது. நேரம் காலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அஞ்சலை அக்கா தன் வரிசையைக் கூப்பிட்டார். கடைசியில், ஐயா என்ற சொல் இல்லாமல்: "ராஜரத்தினம்!"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்.

பெரியவர் கையைத் தூக்கினார். "நிக்கிறன்!"

"லேட்டு! அரை நாள்தான்!" என்றார் அஞ்சலை அக்கா.

திடல் முழுவதும் சிரிப்பு. பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார். அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை. ஆனால் தன் குடையை அவர் தலைக்கு மேல் நீட்டினார்.

புவான் ரோஸ்னா படிவத்தில் இரண்டு பத்திகளையும் நிரப்பினார். முதலாவதில்: ஒருவர் விடுபட்டார், முழுமையில்லை. இரண்டாவதில்: தாமதம், முழுமை. மலரிடம் அதைக் காட்டிச் சொன்னதை மலரே எனக்குப் பிறகு சொன்னார். "காலையில் நீ பேசாமல் இருந்திருந்தால் மிக உயர்ந்த மதிப்பெண் போட்டிருப்பேன். இப்போது வெறும் தேர்ச்சிதான்."

"போதும் புவான்" என்றாராம் மலர்.

காரில் ஏறிச் சாவியைப் போட்டவர் அதைத் திருகவில்லை. தங்கைக்குச் செய்தி அனுப்புவார், தொழிற்சாலைக்குப் பதில் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே, நான்காவது சந்தில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ஆறு சைக்கிள்கள் சாய்த்து வைத்திருந்தன.

"அந்த வீடு எந்த வரிசைண்ணே?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? தொழிற்சாலை வாடகைக்கு எடுத்த வீடு, வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் என்று அவரே சொன்னார். "வேலைக்குப் போயிருந்தாங்கன்னு படிவத்துல எழுதிட்டு வுட்டுட்டேன். முப்பது வருஷமா தெரிஞ்சவரையே மறந்துட்டோம். இவங்கள யாரு கூப்புடுவா?"

இறங்கினார். நானும் இறங்கினேன். மழை தூறலாகியிருந்தது. கதவைத் தட்டியதும் முகத்தில் பாதி சோப்போடு ஒரு இளைஞர் திறந்தார். மலர் மலாயில் பெயர் கேட்டார். அந்த இளைஞரின் முகம் வெளிறியது. பின்னால் யாருக்கோ குரல் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். ஈரக் கையில் வேலை அனுமதி அட்டையோடு திரும்பி வந்து, இரண்டு கையாலும் அதை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், ஆளுக்கொரு அட்டையோடு.

மலர் அட்டைகளை வாங்கவில்லை. தலையை அசைத்துவிட்டு, கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அவர் பேசிய மலாய் எனக்கே புரிந்தது.

"அட்டை வேண்டாம். பெயர் மட்டும். நீங்களே சொல்லுங்கள்."

இளைஞர் அட்டையைக் கீழே இறக்கினார். சோப்பைத் துடைத்துக்கொண்டு பெயரைச் சொன்னார். மலருக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, மலர் காகிதத்தைக் கதவில் வைத்து எழுதிக்கொண்டார்.